கழற்றியதும் மாட்டியதும்: கலிஃபோர்னிய வேகக் கடைகளின் கதை

“ஏர் ஃபில்டரை மாத்திப் பாருங்க, பிக்கப் சும்மா பிச்சுக்கும்” என்ற பேச்சு காதில் விழாத கார் ஒர்க்‌ஷாப் இருக்காது. சைலன்சர், ஹெடர், த்ராட்டில் பாடி என்று பட்டியல் நீளும். எஞ்சினை முழுவதும் பிரிக்காமல், நாலு போல்ட்டைக் கழற்றி வெளியிலிருந்தே மாட்டிவிடும் இந்தப் பாகங்கள் கொடுத்த காசுக்குத் தகுமா என்ற கேள்விக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. அந்தக் கேள்வியை வைத்தே ஒரு தொழில் பிறந்து வளர்ந்த இடம் தெற்குக் கலிஃபோர்னியா. அங்கே நடந்ததைப் பார்த்தால், எந்தக் காலத்தில் இந்தச் செலவு நியாயமாக இருந்தது, எப்போது அது வெறும் ஆசையாக மாறியது என்பது தெளிவாகவே தெரிகிறது.

தொடக்கம் ஃபோர்டின் மாடல் டி. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்ற கார் அது. எஞ்சின் 2.9 லிட்டர், சக்தி வெறும் 20 ஹெச்.பி. ஹென்றி ஃபோர்டு அதை வேகத்துக்காகச் செய்யவில்லை. மட்டமான பெட்ரோலில், மண் சாலையில், மெக்கானிக் இல்லாத ஊரில் விவசாயி ஓட்ட வேண்டும் என்பதுதான் கணக்கு. ஆனால் அந்த எஞ்சினில் ஒரு வசதி இருந்தது. சிலிண்டர் ஹெட்டைத் தனியாகக் கழற்றலாம். கார்பன் சுரண்டவும் வால்வு தேய்க்கவும் வைத்த வசதி அது. மற்றவர்கள் செய்த ஹெட்டைக் கொண்டுவந்து மாட்டுவதற்கும் அதுவே வழிவிட்டது.

அந்த வழியில் முதலில் நுழைந்தவர்களில் லூயி செவ்ரோலேயும் அவர் தம்பி ஆர்தரும் உண்டு. தன் பெயரைத் தாங்கிய கார் கம்பெனியை விட்டு வெளியேறிய லூயி, தம்பியோடு சேர்ந்து இண்டியானபொலிஸில் ஃபோர்டு எஞ்சினுக்கு ‘ஃப்ரான்டினாக்’ ஹெட்களைச் செய்து விற்றார். ஃபோர்டில் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருந்தன. காற்று வளைந்து நெளிந்து உள்ளே போக வேண்டும். ஃப்ரான்டினாக் ஹெட்டில் வால்வுகள் சிலிண்டருக்கு மேலே வந்தன, பாதை நேரானது. 1923 இண்டியானபொலிஸ் 500 பந்தயத்தில் எல்.எல். கோரம் ஓட்டிய ஃப்ரான்டினாக் ஃபோர்டு ஐந்தாவதாக வந்தது. பந்தயத்துக்கென்றே செய்த விலையுயர்ந்த கார்களின் நடுவே, அடிப்படையில் ஒரு மாடல் டி எஞ்சின் பிடித்த இடம் அது.

தொழிற்சாலை வேண்டுமென்றே மிச்சம் வைத்திருந்த சக்தி மாடல் டியில் ஏராளமாக இருந்தது; அதனால் மாட்டிய பாகம் பலன் தந்தது. அடுத்த நூறு ஆண்டுக் கதையிலும் தீர்ப்பை முடிவுசெய்வது இந்த மிச்சத்தின் அளவுதான்.

1932இல் ஃபோர்டு தன் வி8 எஞ்சினைக் கொண்டுவந்தது. சாமானியர் வாங்கக்கூடிய விலையில் எட்டு சிலிண்டர். திறந்த ரோட்ஸ்டர் காரின் ஆரம்ப விலை 460 டாலர். 3.6 லிட்டர், 65 ஹெச்.பி. அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஃபோர்டு கம்பெனியே செய்த மாற்றங்களை இங்கே கவனிக்க வேண்டும். 1933இல் அலுமினிய ஹெட்டும் கூடுதல் கம்ப்ரஷனும் வந்து சக்தி 75 ஆனது. 1934இல் இரட்டை வாய் ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டரும் அதற்கேற்ற இன்டேக் மானிஃபோல்டும் வந்து 85 ஆனது. எஞ்சினின் கொள்ளளவு ஒரு துளியும் மாறவில்லை. மேலே மாட்டுகிற மூன்று பாகங்கள் மாறியதில் 20 ஹெச்.பி. கூடியது, கிட்டத்தட்ட 30 சதவீதம். கம்பெனிக்கே இவ்வளவு கிடைத்தால், இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று லாஸ் ஏஞ்சலிஸ் இளைஞர்கள் யோசித்ததில் வியப்பில்லை.

அவர்களுக்கு ஒரு பரிசோதனைக் கூடமும் இருந்தது. ஊருக்கு வடக்கே சுமார் நூறு மைல் தூரத்தில், மோஹாவே பாலைவனத்தில், மியூராக் என்ற வறண்ட ஏரி. மழைநீர் வற்றி வெயிலில் இறுகிய களிமண் படுகை, மைல்கணக்கில் தட்டையாகக் கிடந்தது. 1920களிலேயே பையன்கள் அங்கே காரை விரட்டிப் பார்த்தார்கள். 1931இல் முறையாக நேரம் குறிக்கும் போட்டிகள் தொடங்கின. அவற்றை ஒழுங்கு செய்தவர்களில் முக்கியமானவர் ஜார்ஜ் வைட். பெல் என்ற சிற்றூரில் காயலான் கடை போல ஆரம்பித்து, பழைய பந்தயக் கார்களிலிருந்து கழற்றிய பாகங்களைத் தனியாக எடுத்துவைத்து விற்றவர் அவர். அவருடைய ‘பெல் ஆட்டோ பார்ட்ஸ்’ வேகப் பாகங்களுக்கென்றே அமைந்த ஆரம்பகாலக் கடைகளில் ஒன்று. 1937இல் பல கார் கிளப்புகள் சேர்ந்து தெற்குக் கலிஃபோர்னிய டைமிங் சங்கத்தை அமைத்தன.

வாரம் முழுவதும் வேலைக்குப் போய்வந்த அதே காரில் இரவோடு இரவாகப் பாலைவனத்துக்குப் புறப்படுவார்கள். விடிந்ததும் ஸ்பேனரை எடுத்து மட்கார்டுகளைக் கழற்றுவார்கள். முன்கண்ணாடி போகும், ஹெட்லைட் போகும், சைலன்சரைத் தவிர்த்துப் புகை நேரே வெளியேறும்படி செய்வார்கள். காற்று வீசத் தொடங்கும் முன் ஓடி முடித்து, நேரத்தைக் குறித்துக்கொண்டு, கழற்றியதையெல்லாம் திரும்ப மாட்டி வீடு திரும்புவார்கள். ஓடிய வேகம் பொறித்த சின்னஞ்சிறு பித்தளைத் தகடு காரின் டேஷ்போர்டில் திருகப்படும். ஒருவன் மாட்டிய பாகம் வேலை செய்ததா இல்லையா என்பதற்கு அந்தத் தகடுதான் அத்தாட்சி.

இங்கே ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும். காற்றை எதிர்த்து ஓடத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். மணிக்கு 130 கி.மீ. ஓடும் காரை அதே உடலோடு 160 கி.மீ. ஓடவைக்க, கிட்டத்தட்ட இரு மடங்கு சக்தி வேண்டும். பத்து சதவீதம் சக்தி கூட்டினால் உச்ச வேகம் மூன்று சதவீதம்தான் ஏறும். மட்கார்டும் கண்ணாடியும் கழற்றிய பையன்கள் இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்திருக்க வேண்டியதில்லை; களத்திலேயே கண்டார்கள். காசு செலவழித்து மாட்டியதைப் போலவே, காசில்லாமல் கழற்றியதும் வேகம் தந்தது. பாகம் விற்கும் விளம்பரங்களில் இந்த உண்மைக்கு எந்தக் காலத்திலும் இடம் கிடைத்ததில்லை.

இந்தக் கூட்டத்திலிருந்து வந்தவர் விக் எடல்ப்ராக். கேன்சஸில் பிறந்து, பொருளாதாரப் பெருமந்தத்தில் பிழைப்புத் தேடி 1931இல் கலிஃபோர்னியா வந்த மெக்கானிக். 1938இல் ஒரு 1932 மாடல் ரோட்ஸ்டரை வாங்கினார். அப்போது கிடைத்த இரட்டை கார்புரேட்டர் மானிஃபோல்டு ஒன்று அவருக்குத் திருப்தி தரவில்லை. தானே ஒன்றை வடிவமைத்தார். அதுதான் ‘ஸ்லிங்ஷாட்’.

மானிஃபோல்டு என்பது வெளியிலிருந்து பார்க்க ஒரு அலுமினிய வார்ப்பு. உள்ளே எட்டு சிலிண்டர்களுக்கும் காற்றும் பெட்ரோலும் பிரிந்து போகும் குகைப் பாதைகள். எடல்ப்ராக் மேலே இரண்டு ‘ஸ்ட்ராம்பெர்க் 97’ கார்புரேட்டர்களை வைத்தார். உள்ளே பாதைகளை இரண்டு தொகுதியாகப் பிரித்து, அடுத்தடுத்து வெடிக்கும் சிலிண்டர்கள் மாறிமாறி வேறுவேறு தொகுதியிலிருந்து இழுக்கும்படி அமைத்தார். ஒரு சிலிண்டர் இழுக்கும்போது பக்கத்துச் சிலிண்டர் அதன் பங்கைப் பிடுங்காது. இதில் கார்புரேட்டரின் எண்ணிக்கையைவிட, பாதையின் ஒழுங்கே பெரிய விஷயம். 1941 நவம்பரில் ரோசமண்ட் ஏரிப் படுகையில் அவருடைய ரோட்ஸ்டர் மணிக்கு 121.42 மைல், அதாவது 195 கி.மீ. வேகத்தைத் தொட்டது. தினமும் கடைக்கு ஓட்டிப்போன கார் அது. பார்த்தவர்கள் காரை விட்டுவிட்டு மானிஃபோல்டைக் கேட்டார்கள். அவர் சுமார் நூறு ஸ்லிங்ஷாட்களை வார்த்து விற்றார். ஒரு மெக்கானிக் உற்பத்தியாளர் ஆனது இப்படித்தான்.

போர் வந்தது. மியூராக் ராணுவத்தின் கைக்குப் போய், பிற்காலத்தில் எட்வர்ட்ஸ் விமானத்தளமாக மாறியது. 1947இல் சக் யேகர் ஒலியின் வேகத்தை மிஞ்சியது அங்கிருந்து கிளம்பித்தான். போர் முடிந்து திரும்பிய இளைஞர்களில் பலருக்கு லேத், மில்லிங், வெல்டிங் கைவந்திருந்தது. கையில் காசும் இருந்தது. பழைய ஃபோர்டு வி8கள் காயலான் கடையில் மலிவாகக் கிடைத்தன. அடுத்த சில ஆண்டுகளில் லாஸ் ஏஞ்சலிஸ் தெருக்களில் வேகக் கடைகள் வரிசையாக முளைத்தன. அலெக்ஸ் க்ஸிடியாஸ் 1946இல் ‘சோ-கால் ஸ்பீட் ஷாப்’பைத் திறந்தார். எட் இஸ்கெண்டேரியன் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்களைத் தேய்க்கத் தொடங்கினார். ஸ்டூ ஹில்பார்ன் தன் கையால் செய்த ஃப்யூவல் இன்ஜெக்‌ஷனோடு 1948இல் மணிக்கு 150 மைலைத் தொட்டார். அதே ஆண்டு ஜனவரியில் ராபர்ட் பீட்டர்சன் ‘ஹாட் ராட்’ பத்திரிகையைத் தொடங்கினார்; 25 சென்ட் விலை. லாஸ் ஏஞ்சலிஸில் அறிந்தவர்கள் வாய்வழி பரப்பிய சங்கதி இனி நாடு முழுவதும் தபாலில் போனது.

தபாலில் பாகமும் போனது. கலிஃபோர்னியாவில் ஒரு கடைக்காரர் காரைப் பார்த்து, ஓட்டிப் பார்த்து, எதை எதோடு சேர்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். அயோவாவில் கேட்டலாக் பார்த்து வாங்கியவனுக்கு அந்த வழிகாட்டல் கிடைக்கவில்லை. ‘இது போட்டால் இவ்வளவு’ என்ற வாக்குறுதி பிறந்தது அந்த இடைவெளியில்தான்.

எஞ்சினுக்குள் காற்று போகும் வழியை ஒரே வாய்க்காலில் அடுத்தடுத்து அமைந்த மடைகளாக நினைத்துக்கொள்ளலாம்: ஃபில்டர், கார்புரேட்டர், மானிஃபோல்டு, வால்வு, பின்னர் புகைக்குழாய். நாலாவது மடை குறுகலாக இருக்கையில் முதல் மடையை எவ்வளவு அகலமாக்கினாலும் வயலுக்குக் கூடுதல் தண்ணீர் வராது. மூன்று கார்புரேட்டர் மாட்டிய தெருக்கார்களில் நடந்தது இதுதான். கூடவே இன்னொரு கேடும் சேர்ந்தது. கார்புரேட்டரின் வாய் தேவைக்கு மேல் பெரிதானால், குறைந்த சுற்றில் காற்றின் வேகம் விழும். பெட்ரோல் சரியாகப் பொடிபடாமல் துளியாகவே போகும். சிக்னலில் காரை எடுத்தால் திக்கும். பந்தயக் கேம்ஷாஃப்ட் போட்டவன் கதையும் அதே. மேல் சுற்றில் சக்தி, கீழ்ச் சுற்றில் நடுக்கம். நிமிடத்துக்கு 5,000 சுற்றில் ஏரியைக் கடப்பவனுக்கு அது லாபம். 2,000 சுற்றில் கடைவீதிக்குப் போகிறவனுக்கு முழு நஷ்டம்.

ஃபோர்டு வி8க்கு மாட்டும் பாகத்தால் தீராத ஒரு பிறவிக் குறையும் இருந்தது. புகை வெளியேறும் வழிகள் எஞ்சின் பிளாக்குக்கு உள்ளேயே, தண்ணீர் ஓடும் அறைகளை ஒட்டிச் சென்றன. பக்கத்துக்கு நாலு சிலிண்டர்; வெளியே வரும் வாசல் மூன்றுதான். நடுவில் இருந்த இரண்டு சிலிண்டர்களுக்கும் ஒரே வாசல். எவ்வளவு அழகான ஹெடர் குழாயை வெளியே மாட்டினாலும் உள்ளே இருக்கும் நெரிசல் தீராது. எஞ்சினும் சூடேறிக்கொண்டே இருக்கும். இதற்கு மருந்து கண்டவர் ஸோரா அர்க்கஸ்-டன்டோவ். அவரும் அவர் தம்பி யூராவும் சேர்ந்து, வால்வுகளை மேலே கொண்டுபோகும் ‘ஆர்டன்’ அலுமினிய ஹெட்களைச் செய்தார்கள். சக்தி ஏறக்குறைய இரு மடங்கானது. பொறியியலாக அது அருமையான வேலை. ஆனால் விலை சாமானிய ஹாட் ராட் பையனுக்கு எட்டவில்லை. அமெரிக்காவில் அதிகம் விற்கவில்லை.

டன்டோவ் அடுத்துப் போய்ச் சேர்ந்த இடம் செவ்ரோலே கம்பெனி. 1953 டிசம்பரில் அவர் மேலதிகாரிகளுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். இளைஞர்கள் ஃபோர்டையே நினைக்கிறார்கள், ஃபோர்டு எஞ்சினுக்குப் பாகங்கள் குவிந்து கிடப்பதே அதற்குக் காரணம், செவ்ரோலே அவர்களை இழுக்க வேண்டுமானால் கம்பெனியே வேகப் பாகங்களைத் தயாரித்துத் தர வேண்டும் என்பது அதன் சாரம். தெருவோரக் கடைகளின் அறிவு தொழிற்சாலைக்குள் நுழைந்த தருணம் அது. அமெரிக்கக் கார் வரலாற்றில் பெரிய ஆவணங்களுள் ஒன்றாக இந்தக் குறிப்பை வைப்பதில் தவறில்லை.

1955இல் செவ்ரோலேயின் புதிய 4.3 லிட்டர் வி8 வந்தது. சாதாரண கார்புரேட்டரோடு 162 ஹெச்.பி. ‘பவர் பேக்’ என்று கூடுதல் காசுக்கு விற்ற வகையில் நாலு வாய் கார்புரேட்டரும் இரட்டைப் புகைக்குழாயும் சேர்ந்து 180. ஏரிக்கரைப் பையன்கள் கடை கடையாக ஏறி வாங்கியதை இப்போது கம்பெனியே, ஒன்றுக்கொன்று பொருந்தும்படி சோதித்து, உத்தரவாதத்தோடு தந்தது. 1957இல் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷனும் வந்துவிட்டது. ஃபோர்டு பழைய வி8க்கு மட்டும் பாகம் செய்தவர்கள் பலர் காணாமல் போனார்கள். எடல்ப்ராக் போன்றவர்கள் செவ்ரோலேக்கு மாறித் தப்பித்தார்கள்.

மிச்சம் எப்படிச் சுருங்கியது என்பதை 1964 பான்டியாக் ஜி.டி.ஓ. காட்டுகிறது. ஒரு நாலு வாய் கார்புரேட்டரோடு 325 ஹெச்.பி.; மூன்று கார்புரேட்டர் வகையில் 348. ஏழு சதவீத வித்தியாசம். முப்பது ஆண்டுகளுக்கு முன் ஃபோர்டு தன் மேல்பாகங்களை மாற்றிப் பெற்ற 30 சதவீதத்தோடு இதை ஒப்பிட்டால் நிலைமை புரியும்.

அந்த எண்களையும் அப்படியே நம்ப முடியாது. அக்காலத்தில் அமெரிக்கக் கம்பெனிகள் எஞ்சினைத் தனியே ஸ்டாண்டில் வைத்து, ஏர் ஃபில்டரும் சைலன்சரும் இல்லாமல், ஆல்டர்னேட்டரின் சுமைகூட இல்லாமல் அளந்து எழுதின. 1972இல் காரில் இருப்பதுபோலவே எல்லாவற்றையும் மாட்டி அளக்கும் முறைக்கு மாறினார்கள். செவ்ரோலேயின் கார்வெட் காரின் அடிப்படை எஞ்சின் 1971இல் 270 ஹெச்.பி.; 1972இல் 200. எஞ்சின் ஏறத்தாழ அதுவேதான். அளக்கும் முறைதான் மாறியது. கேட்டலாக்கில் பார்க்கும் எண்ணைப் பற்றி இதைவிடப் பெரிய எச்சரிக்கை தேவையில்லை.

இதற்கிடையில் வேகப் பாகத் தொழில் பெரிய வியாபாரமாகிவிட்டது. 1963இல் உற்பத்தியாளர்கள் சேர்ந்து ‘செமா’ என்ற சங்கத்தை அமைத்தார்கள். முதல் தலைவர் இஸ்கெண்டேரியன். 1967இல் லாஸ் ஏஞ்சலிஸின் டாட்ஜர் மைதானத்துப் பார்வையாளர் மாடத்துக்கு அடியில் முதல் கண்காட்சி நடந்தது. விக் எடல்ப்ராக் அதைப் பார்க்கவில்லை. 1962இல், ஐம்பது வயதுகூட நிரம்பாமல், காலமாகிவிட்டார்.

அடுத்து வந்தது புகைமூட்டம். லாஸ் ஏஞ்சலிஸின் காற்று கண்ணை எரித்தது. அதற்குப் பெரும் காரணம் கார்கள். கலிஃபோர்னியா 1967இல் தன் காற்று வள வாரியத்தை அமைத்தது. 1970இல் நாடு தழுவிய தூய காற்றுச் சட்டம் வந்தது. எஞ்சினில் கைவைக்கும் எந்தப் பாகமும் புகையைக் கூட்டவில்லை என்று நிரூபித்து, வாரியத்தின் அனுமதி எண் பெற்றால்தான் கலிஃபோர்னியச் சாலையில் செல்லும் என்ற நிலை உருவானது. இதைத் தொழிலின் எதிரியாகப் பார்த்தவர்கள் உண்டு. உண்மையில் அது தொழிலைச் சுத்தப்படுத்தியது. சோதனைக்கூடத்தில் நிறுத்திக் காட்ட முடியாத பாகம் சட்டப்படி வெளியேறியது.

இன்றைய காரில் நிலைமை வேறு. ஒவ்வொரு கணமும் உள்ளே போகும் காற்றை ஒரு சென்சார் அளக்கிறது. வெளியேறும் புகையில் மிஞ்சிய ஆக்ஸிஜனை இன்னொன்று பார்க்கிறது. கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கணக்காகக் கொடுக்கிறது. பெரும்பாலான கார்களில் முன்பக்கக் குளிர்ந்த காற்றை இழுக்கும் குழாயைக் கம்பெனியே வைத்துவிட்டது. அதைக் கழற்றி, பானட்டுக்குள் திறந்தபடி கோன் ஃபில்டரை மாட்டினால் எஞ்சினின் வெந்த காற்றையே அது குடிக்கும். உறிஞ்சும் சத்தம் கூடும், சக்தி சில சமயம் குறையவே செய்யும். டர்போ கார்களில் எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. அந்தக் கட்டளையை மாற்றாமல் வெளியே எதை மாட்டினாலும் பெரிய வித்தியாசம் வராது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009இல் அடைபட்ட ஃபில்டரோடு கார்களை ஓட்டிப் பார்த்தது. நவீன இன்ஜெக்‌ஷன் கார்களில் மைலேஜ் குறிப்பிடும்படி மாறவில்லை. பிக்கப் மட்டும் குறைந்தது. அழுக்கு ஃபில்டரை மாற்றி நல்ல ஃபில்டர் போடுவதில் பலன் உண்டு என்பதே இதன் பொருள். அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை மைலேஜைக் கூட்டும் என்று விற்ற நூற்றுக்கு மேற்பட்ட கருவிகளைப் பரிசோதித்திருக்கிறது. மிகச் சிலவே கொஞ்சமாவது பலன் காட்டின.

ஆகவே தீர்ப்பு காலத்தைப் பொறுத்தது. மாடல் டிக்கும் 1932 ஃபோர்டுக்கும் மாட்டிய நல்ல பாகம் ஒவ்வொரு டாலருக்கும் தகுதியானது. 1964க்குள் அந்த லாபம் வெகுவாகச் சுருங்கிவிட்டது. இன்றைய சாதாரணக் காரில் ஒற்றைப் பாகம் தருவது பெரும்பாலும் சத்தமும் திருப்தியும் மட்டும். சத்தமும் ஒருவருக்கு மகிழ்ச்சி தரலாம். அதைச் சக்தி என்ற பெயரில் விற்பதைத்தான் ஏற்க முடியாது.

பாகம் வாங்க ஆசைப்படுகிற வாசகர் கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது ஒன்றே: இதே மாடல் காரில், மாட்டும் முன்பும் மாட்டிய பின்பும், ஒரே நாளில் ஒரே டைனமோமீட்டரில் எடுத்த வரைபடம் இருக்கிறதா? இல்லையென்றால் அந்தக் காசில் நல்ல டயரும் முறையான சர்வீஸும் வாங்கிக்கொள்ளுங்கள். சட்டத்தையும் மறக்க வேண்டாம்: பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியிருக்கிறது. எஞ்சினில் கைவைக்கும் முன் அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.